வெற்றியாவது யாது? தாம்பரத்தை முன்னிட்டு ஒரு மறுப்பு

சென்ற மார்கழித் திங்களில், தாம்பரத்தை அடுத்த சேலையூரில் ஓர் அன்பர் இல்லத்தே திருவெம்பாவை ஓதி முடிந்தபின், அடியார் சிலர் பொங்கல் உண்டு அமர்ந்திருந்தனர். பேச்சு அயலிலுள்ள கிறித்தவக் கலாசாலையின்மேற் சென்றது. ஆண்டின் முதிர்ந்த அன்பர் ஒருவர், "ஸ்காட்லாந்துப் பாதிரிமார் நூறாண்டுக்கு மேற் பாடுபட்டனர்; பெரும்பொருள் கொட்டினர். சைவர் எத்துணைப் பேரைத் தம் மதத்திற் சேர்த்தனர்? தோற்றேபோயினர். அத் தோல்வியை மறைத்தற்கே, வெற்றி எமக்கு நோக்கமன்று, உண்மையாய் உழைத்தலே நோக்கம் என்று பேசக் கற்றுக்கொண்டனர்" என்றார். கணினி நிறுவனமொன்றிற் பணிபுரியும் இளைஞர் ஒருவர் உடனே மறுத்து, "அவர்களே வென்றார்கள், ஐயா. முந்நூற்றறுபது ஏக்கருக்கு மேல் நிலம், கலாசாலை, ஊர்தோறும் பள்ளி, மருத்துவமனை எல்லாம் அவர்களிடம் உள்ளன. நம்மிடம் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்" என்றார். கூடியிருந்தவருட் பாதிப்பேர் முதியவர் பக்கமும் பாதிப்பேர் இளைஞர் பக்கமும் தலையசைத்தனர். யாம் அன்று ஒன்றும் கூறாது வந்தோம். கூறாமை பிழையென்று பின்னர் நெஞ்சு உறுத்தியமையின் இதனை எழுதத் துணிந்தோம்.

இருவர் கூற்றும் ஒன்றற்கொன்று மாறுபட்டன போலத் தோன்றும். உற்று நோக்குவார்க்கு, இருவர் கையிலும் இருந்த முழக்கோல் ஒன்றே என்பது புலனாம். முதியவர் தலைகளை எண்ணினார். இளைஞர் ஏக்கர்களை எண்ணினார். எண்ணி வரும் தொகையே வெற்றி என்பதில் இருவர்க்கும் ஐயமில்லை. அக்கோல் கிறித்தவர் மறைநூலின் கோலும் அன்று, மெய்கண்ட நூல்களின் கோலும் அன்று. சந்தையின் கோல் அது. சைவர் கூட்டத்தில், அதுவும் திருமுறை ஓதிய வாய் உலருமுன், அக்கோல் எடுக்கப்பட்டதே எமக்கு வருத்தம் விளைத்தது.

முதற்கண் கிறித்தவர் கொள்கையை உள்ளவாறு எடுத்துரைத்தல் நம் கடன். பூருவபக்கத்தைச் சிதைத்துக் கூறிப் பின் மறுத்தல் சிவஞான முனிவர் வழிவந்தார்க்கு அழகன்று. இயேசுநாதர் உரோமானிய ஆளுநன் ஒருவனாற் குற்றவாளியாகக் கொல்லப்பட்டார். அணுக்க மாணாக்கர் ஓடி ஒளிந்தனர். உலகியற் கணக்கின்படி இதனின் மிக்க தோல்வி வேறில்லை. அதனையே வெற்றியென்று கொண்டு எழுந்தது அச்சமயம். உலகனைத்தையும் ஈட்டினும் உயிரை இழந்தவன் ஊதியம் பெற்றவனாகான் என்பது அவர்தம் ஆசிரியர் கருத்து. விதைப்பவனும் நீர்பாய்ச்சுபவனும் ஒரு பொருளல்லர், விளைவிப்பவன் இறைவனே என்பது பவுல் என்பார் கொரிந்து நகரத்தார்க்கு எழுதிய திருமுகத்தின் கருத்து. இவை ஏறத்தாழ ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகட்கு முற்பட்டவை. ஆகவே, சென்னையில் தோற்ற பின்னர்ச் சொல்லக் கற்ற சமாதானம் இஃது என்ற முதியவர் கூற்று வரலாற்றொடு முரணுவதாம்.

சென்னையிலிருந்து தாம்பரத்துக்குப் புகைவண்டியிற் செல்வார் வழியிற் பரங்கிமலையைக் காண்பர். தோமையர் என்னும் இயேசுவின் மாணாக்கர் அம்மலையில் வேலாற் குத்துண்டு இறந்தார் என்பது கிறித்தவர் மரபு. வரலாற்று ஆசிரியர் அதனை ஏற்பினும் ஏலாவிடினும், குத்துண்டவரே வென்றவர் என்னும் கருத்து அம்மரபில் உளது. போர்ச்சுகீசியர் 1523-இல் மலையுச்சியிற் கோயில் எடுத்தனர். பின்னர் ஆங்கிலக் கம்பெனியார் அம்மலையடியிலேயே தம் பீரங்கிப் படையை நிறுத்தினர். மேலே குத்துண்டவரின் வெற்றி, கீழே குண்டெறிவாரின் வெற்றி! இரண்டும் ஒரு மலையில் ஒருங்கே குடியிருந்தன. கிறித்தவ நாட்டார் வரலாறு முழுதும் இம்மலையின் தோற்றமே என்று எமக்குப் படுவதுண்டு.

இனிக் கலாசாலையின் வரலாற்றுக்கு வருவோம். ஜான் ஆண்டர்சன் என்னும் பாதிரியார் 1837-இல் சென்னையிற் பள்ளி தொடங்கினார். 1841-இல் மாணாக்கர் சிலர் ஞானஸ்நானம் பெற்றனர். பெற்றோர் வெகுண்டு தம் மக்களை நிறுத்திவிட, பள்ளி வெறுமையாயிற்று. ஒரு தலை கூடினால் நூறு தலை நீங்கும் என்னும் இக்கணக்கை நன்கு கண்டவர், 1862-இல் வந்த வில்லியம் மில்லர். அவர் 1877 முதல் 1907 வரை கிறித்தவக் கலாசாலையின் தலைவராயிருந்து அதனைத் தென்னாட்டின் தலையாய கல்விநிலையங்களுள் ஒன்றாக்கினார். மாணாக்கரை உடனே மதம் மாற்றுதல் கலாசாலையின் வேலையன்று, கிறித்தவ எண்ணங்கள் இந்நாட்டு மக்கள் உள்ளத்திற் பரவுமாறு நிலத்தைப் பண்படுத்தலே வேலை என்பது அவர் துணிபு. அவர் உயிரோடிருந்தபோதே, 1901-இல், சென்னையில் அவர்க்குச் சிலை எடுக்கப்பட்டது. ஆயினும் அவர் தாய்நாட்டிலிருந்து பொருள் அனுப்பியோர் பலர், திருமுழுக்குப் பெற்றோர் தொகை எங்கே என்று வினவியவண்ணம் இருந்தனர்.

அக்கலாசாலையில் நிகழ்ந்தவற்றை நினைந்தால் வியப்பே மிகும். மறைமலையடிகள் 1898 முதல் 1911 வரை அங்கே தமிழாசிரியர். அப் பதின்மூன்று ஆண்டுகளுக்குள்ளேயே அடிகள் 1902-இல் ஞானசாகரம் என்னும் இதழைத் தொடங்கினார். 1905-இற் சைவசித்தாந்த மகாசமாசத்தைத் தோற்றுவித்தார். பாதிரிமார் கொடுத்த ஊதியத்தைப் பெற்றுக்கொண்டே சைவத்தை வளர்த்தார் என்று சிலர் இதனை நம் சாமர்த்தியமாகப் பேசுவர். அவரைத் தடுத்து விலக்காத அந்நிலையத்தின் பெருந்தன்மையை ஏன் பேசுகின்றிலர்? இராதாகிருட்டிணன் அங்கே பயின்றவர். கிறித்தவ ஆசிரியர் இந்து சமயத்தைக் குறைகூறியமையே தம்மை அதனை ஆராயத் தூண்டிற்று என்று அவர் பிற்காலத்துக் கூறியுள்ளார். வேதாந்த அறநெறிபற்றிய அவரது மாணவப் பருவ ஆராய்ச்சி 1908-இல் வெளிவந்தது. அதனை மெச்சியவர் அவர்தம் கிறித்தவ ஆசிரியராகிய ஆல்பிரட் ஜார்ஜ் ஹாக். தலையெண்ணும் கோலால் அளந்தால் மில்லர் தோற்றவரே. அவர்தம் மறைநூற் கோலால் அளந்தால், தோற்றார் என்று கூற எமக்கு வாய் வரவில்லை.

கலாசாலை தன் நூற்றாண்டான 1937-இல் நகரின் நெரிசலைவிட்டுத் தாம்பரத்துக் காட்டுநிலத்துக்குப் பெயர்ந்தது. மறுவருடம் டிசம்பர்த் திங்கள் 12 முதல் 29 வரை, அகில உலக மிஷனரிச் சங்கத்தின் மாநாடு அவ்விடத்தே கூடிற்று. சீனத்திற் கூடவேண்டியிருந்த அம்மாநாடு, ஜப்பானியர் தொடுத்த போரால் ஆண்டுக் கூடவியலாமையின் தாம்பரத்துக்கு வந்தது. எழுபதுக்கு அணித்தான நாடுகளினின்று ஏறத்தாழ 470 பேர் வந்திருந்தனர். தலைமை தாங்கிய ஜான் மாட் என்பார், இத்தலைமுறைக்குள்ளேயே உலகெங்கும் நற்செய்தியைப் பரப்பிவிடல்வேண்டும் என்னும் கொள்கையை 1900-ஆம் ஆண்டளவில் முழக்கியவர். மாநாட்டை ஒட்டி ஹாலந்து நாட்டு அறிஞர் ஹென்ரிக் கிரேமர் பெருநூலொன்று வரைந்தார். கிறித்துவில் வெளிப்பட்டதே இறைவெளிப்பாடு, ஏனைச் சமயங்கள் மக்கள் முயற்சியின் பயன்கள், அவற்றுக்கும் இதற்கும் தொடர்ச்சியில்லை என்பது அதன் சாரம். அதனை எதிர்த்து வழக்காடியவருள் முதன்மையானவர் மேற்கூறிய ஹாக். அவர் அதே கலாசாலையில் 1928 முதல் 1938 வரை தலைவராயிருந்தவர். பிற சமயத்தார் உள்ளத்தும் மெய்யான இறைநம்பிக்கை உண்டு, அதனோடு இறைவன் உறவாடுகின்றான் என்பது அவர் பக்கம். சென்னைக் கிறித்தவர் சிலரும் அவ்வாண்டிலேயே, கிறித்து சமயத்தை இந்நாட்டில் மீள எண்ணிப் பார்த்தல்வேண்டும் என்று ஒரு தொகைநூல் வெளியிட்டு மாநாட்டாரொடு மாறுபட்டனர். செஞ்சையா, சக்கரை முதலியோர் அதன் ஆசிரியர். இச்செய்திகளை நம் சைவர் பலர் அறியார். அறிந்திருப்பின், பாதிரிமார் எல்லாரையும் ஒரே மூட்டையிற் கட்டிப் பேசமாட்டார்.

இனி வினா ஒன்று எழுகின்றது. விளைவு இறைவனுடையது, உழைப்பே நம்முடையது என்று மறைநூல் கூறவும், அச்சமயத்தார் ஏன் ஓயாது தலையெண்ணினர்? முதியவர் இதனைக் கபடம் என்பார். யாம் அவ்வாறு கொள்ளேம். அவர்தம் கொள்கையிலேயே அதற்குக் காரணம் உளது. உயிர்க்குப் பிறப்பு ஒன்றே என்றும், அப்பிறப்பு முடிந்தபின் மீளாத தீர்ப்பு என்றும், கிறித்துவை ஏற்றலே அத்தீர்ப்பினின்றும் தப்பும் வழி என்றும் மூன்றும் ஒருங்கே கொண்டானுக்குத் தலையெண்ணுதல் தவிர்க்கலாகாத கடனாம். வீடு பற்றி எரியுங்கால் உள்ளிருந்து எத்துணைப் பேரை வெளிக்கொணர்ந்தாய் என்று வினவாதவன் இரக்கமற்றவன் அல்லனோ? விளைவு நம்முடையதன்று என்று அவன் அமைதியாக அமர்தல் எங்ஙனம்? ஆகவே, வெற்றி வேண்டா, உண்மையாயிருத்தல் போதும் என்னும் உயர்ந்த போதனையும், ஒரு பிறப்பும் மீளாத் தீர்ப்பும் என்னும் கொள்கையும் ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்கின்றன. அதுவே யாம் கிறித்தவ அன்பர்முன் வைக்கும் ஆசங்கை. இதற்கு விடை கூறுதல் அவர் கடன்.

அற்றேல், கிறித்தவருட் பலர் இன்று அங்ஙனம் கொள்ளாரே எனின், உண்மை. உரோமைத் திருச்சபையாரே தம் இரண்டாம் வத்திக்கான் பேரவையில், 1964-இல், தம் குற்றமின்றிக் கிறித்துவை அறியாது, உள்ளத்தால் இறைவனை நாடி வாழ்வாரும் உய்யக்கூடும் என்று எழுதிவைத்தனர். அக்கொள்கை தளர்ந்த அளவே தலையெண்ணும் பதைப்பும் தளர்ந்தது என்பதைக் காண்மின். யாம் கூறிய காரணம் மெய்யென்பதற்கு வேறு சான்று வேண்டா.

இனி நம் கொள்கையை நோக்குவோம். தாம்பரத்தினின்று வடமேற்கே சிறிது தொலைவிற் குன்றத்தூர் உளது. சேக்கிழார் பெருமான் பிறந்த ஊர் அது. சோழன் அநபாயனுக்கு அமைச்சராயிருந்து உலகியலிற் பெறக்கூடிய உயர்வெல்லாம் பெற்ற அவர், யாரைப் பாடினார்? தம் அரசனையோ? மெய்ப்பொருள் நாயனார் திருக்கோவலூர் அரசர். பகைவன் முத்தநாதன் போர்க்களத்திற் பலகாற் றோற்று, நீறு பூசி வேடந் தாங்கி உட்புகுந்து, ஓலைச்சுவடிபோல் மறைத்த படையாற் குத்தினான். அந்நிலையிலும் நாயனார் அவ்வேடத்தைத் தொழுதார். அவனை ஊறின்றி ஊர் கடத்திவிடுமாறு தத்தனை ஏவினார். குத்துண்டு வீழ்ந்த அவ்வரசரையே சேக்கிழார் வெற்றி பெற்றவராகப் பேசுகின்றார். அவர்க்கு முன்னரே சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் மெய்ப்பொருளாரை வெல்லும் வன்மை உடையாராகவே போற்றினார். களத்திற் பெற்ற வெற்றிகளால் அப்பெயர் அவர்க்கு வந்ததன்று. பரங்கிமலையாரும் குன்றத்தூராரும் இவ்வொரு செய்தியில் அயலார் அல்லர் என்பதை யாம் நாணாது ஒப்புவோம்.

பூசலாரை நினைமின். அவரது திருநின்றவூர் சென்னைக்கு மேற்கே உளது. பொருள் தேடியும் கிடையாமையின் அவர் உள்ளத்தினுள்ளே அடிநிலை தொடங்கிச் சிகரம் ஈறாகக் கோயில் எடுத்தார். அதே நாளிற் காடவர்கோன் காஞ்சியிற் கற்றளி எடுத்துக் குடமுழுக்குக்கு நாள் குறித்தான். இறைவர் அரசன் கனவிற் றோன்றி, நாளை யாம் அன்பன் கோயில் புகுவோம், நீ வேறு நாட் கொள்க என்றார். கற்றளியைச் சிவபெருமான் இகழவில்லை. அது பின்னின்றது, அவ்வளவே. ஏக்கர் எண்ணிய இளைஞர் இவ்வரலாற்றைப் பள்ளியிற் படித்திருப்பார். தம் கணக்கோடு ஒட்டிப் பார்த்திலர்.

வெற்றி தோல்விகளை நம் நூல் வைக்கும் இடம் யாது? இப்பிறப்பில் வரும் செல்வம், பதவி, புகழ் என்பன பிராரத்த வினையின் பயனாய் வருவன. அவை அருளின் அடையாளம் ஆகா. வறுமையும் அருளின்மைக்கு அடையாளம் ஆகாது. கால்வின் என்பார் வழிவந்த புரோட்டஸ்டாண்டாருட் சிலர், தொழிலில் வரும் செழிப்பைத் தாம் இறைவனால் தெரிந்தெடுக்கப்பட்டமைக்குக் குறியாகக் கண்டனர் என்று ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வெபர் 1904, 1905-ஆம் ஆண்டுகளில் எழுதினார். சித்தாந்தம் அதற்கு இடந்தாராது. இன்பமும் துன்பமும் ஒப்ப நோக்கும் இருவினையொப்பு வாய்த்து, மலம் பரிபாகமுற்றபோதே சத்திநிபாதம் நிகழும். அப்பரிபாகம் இன்ன உயிர்க்கு இன்ன நாளில் என்று எண்ணுதல் நம் வேலையன்று. சிவஞானபோதம் பத்தாஞ் சூத்திரம் நமக்கு விதித்தது இறைபணி நிற்றல் ஒன்றே. எவ்வுயிரையும் மீளா நரகிற் றள்ளிக் கைவிடும் தீர்ப்பு நம் நூலில் இல்லை, நிரயமும் வினையளவே. ஆதலின், விளைவைப்பற்றிக் கவலாது பணிசெய் என்னும் சொல் பவுல் திருமுகத்தைவிடச் சிவஞானபோதத்திற் காரணத்தொடு பொருந்தி நிற்கின்றது என்பது எம் துணிபு.

இவ்வளவிலே நிறுத்தினால் அன்பர் பலர் மகிழ்வர். யாம் நிறுத்தற்கில்லை. ஹாக் 1909-இல் கர்மமும் மீட்பும் என்னும் பொருள்பற்றி நூலொன்று வெளியிட்டார். வினைக்கொள்கையைப் பற்றி அவர் எழுப்பிய தடைகளின் போக்கிலே ஒரு கிறித்தவர் நம்மை இங்ஙனம் வினவலாம்: "ஐயா, எம் அவசரம் எம்மைத் தலையெண்ண வைத்தது. உங்கள் பொறுமை உங்களை என் செய்ய வைத்தது? பிறப்புப் பல உண்டு, பரிபாகம் வந்தபோது வரும் என்றிருந்த நீங்கள், உங்கள் ஊர்ச் சேரிக்கு என்ன செய்தீர்கள்?"

இவ்வினாவுக்கு நூற்சான்று காட்டி விடை கூறுதல் எளிது. பிராரத்தம் என்பது என் துன்பத்தை யான் பொறுத்தற்குச் சொல்லப்பட்டது. பிறன் துன்பத்தை யான் பார்த்துக்கொண்டிருத்தற்குச் சொல்லப்பட்டதன்று. பிறன் பசியைத் தீர்க்கும் வன்மையிருந்தும் தீராதவன் தனக்கு ஆகாமியம் ஈட்டிக்கொள்கின்றான். இளையான்குடிமாறனார் நள்ளிரவில் விதைநெல்லை வாரிக்கொணர்ந்த வரலாறு எதற்காகப் பாடப்பட்டது? நூல் தெளிவாகவே உளது. நம் ஒழுக்கமோ வேறு.

தாம்பரம் அந்நாளிற் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. அந்த ஜில்லாவின் கலெக்டர் டிரெமென்ஹீர் என்பார், ஆதிதிராவிட மக்கள் அங்குப் பட்ட இன்னல்களை விரித்து 1891-இல் அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். நிலம் பெறுதற்கும், குடியிருக்கும் மனையைத் தமதென்று கொள்ளுதற்கும் அவர்க்கு இருந்த தடைகளை அது கூறிற்று. தரிசு நிலத்தை அவர் விண்ணப்பித்தால், மிராசுதார் தம் முன்னுரிமை காட்டித் தடுப்பர். அம்மிராசுதார் யார்? வேளாளரும் அந்தணருமாகிய நம் முன்னோரே பெரும்பாலார். நீறு பூசியவர், திருமுறை கேட்டவர், திருநாளைப்போவார் வரலாற்றுக்குக் கண்ணீர் வடித்தவர்! அம்மக்கள் சார்பிற் பேசியவர் யார்? செங்கற்பட்டு மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூர்ப் பக்கத்து வில்லியம் கௌடி முதலிய பாதிரிமார். அடுத்த ஆண்டாகிய 1892-இல் அரசாங்கம் ஒடுக்கப்பட்ட மக்கட்கு நிலம் ஒதுக்க ஆணை பிறப்பித்தது. பஞ்சமி நிலம் என்று பின்னாளில் வழங்கிய அந்நிலங்கள் பல, பிறர் கைக்குச் சென்றமை பற்றிய வழக்கு இன்றும் ஓயவில்லை. ஆண்ட்ரூ பாதிரியார் சிங்கப்பெருமாள்கோயிற் பக்கத்தே மெல்ரோசாபுரம் என்னும் குடியிருப்பை அமைத்தார்.

பாதிரிமார் தம் மதத்தைப் பெருக்கும் நோக்கத்தோடு செய்தனர் என்று உடனே ஓர் எதிர்வாதம் எழும். எழட்டும். அவர்தம் நோக்கத்தில் அது கலந்திருந்தது என்றே கொள்வோம். நோக்கத்திற் கலப்பில்லாத நாம் ஏன் செய்திலோம்? கலப்புற்ற நோக்கத்தான் நீர் கொடுத்தான். தூய நோக்கத்தான் தாகத்தைப் பார்த்து நின்றான். நாவலர் பெருமான் 1848-இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியது பாதிரிமாரைக் கண்டு கற்ற பாடமே. அந்தப் பாடத்தையும் நாம் நம் குலத்தார் தெருக்களோடு நிறுத்திக்கொண்டோம். தோற்றவர் அவரென்று முதியவர் கூறியபோது எம் நெஞ்சில் எழுந்தது மெல்ரோசாபுரமே. பல பிறப்புக் கொள்கை சிறந்ததுதான். அதனைச் சோம்பலுக்குப் போர்வையாக்கியவர் நாம்.

இக்காலத்துக்கு வருவோம். தாம்பரந் தொடங்கிப் பல்லாவரம், மேடவாக்கம், வேளச்சேரி வரை சுவர்தோறும் ஜெபக்கூட்ட அறிவிப்புக்களைக் காண்கின்றோம். வேலை கிடைக்கும், கடன் தீரும், வெளிநாட்டுக்கு வழி திறக்கும், தொழில் பெருகும் என்று அவற்றுட் பல உறுதி கூறுகின்றன. சிலுவையில் தோற்றவரைப் போற்றும் சமயம் இதுவோ என்று மில்லரும் ஹாக்கும் கண்டால் மருள்வர். செழிப்பே அருளின் குறி என்னும் இப்புதுப் போதனையைக் கிறித்தவருட் கற்றோர் பலரே கடிந்து எழுதுகின்றனர்.

அதனைக் காட்டி நகைக்குமுன், குன்றத்தூர் வரை நடந்து வருக. சேக்கிழார் சோழநாட்டுத் திருநாகேச்சரத்தின்மேல் வைத்த காதலால், தம் ஊரிலும் அப்பெயரால் ஒரு கோயில் எடுப்பித்தார். அமைச்சர் செல்வம் அங்ஙனம் இறைபணியாயிற்று. இன்று அக்கோயிலை நாடி வருவாருட் பலர் எதற்கு வருகின்றனர்? இராகு தோஷம் நீங்க. சுற்றியுள்ள ஊர்களின் பழைய சிவாலயங்கள் ஒன்பதும் கோள்களுக்குப் பங்கிடப்பட்டுவிட்டன. பொழிச்சலூர் சனிக்கு, போரூர் குருவுக்கு, மாங்காட்டு வெள்ளீச்சுரம் சுக்கிரனுக்கு என்று வாடகை வண்டியில் ஒரே நாளிற் சுற்றிவர ஏற்பாடும் உளது. திருமணம் கைகூடும், பதவி உயரும், வழக்கு வெல்லும் என்று பயன் எழுதிய பலகைகள் வேறு. அங்கே மூலத்தானத்தில் எழுந்தருளியிருக்கும் பெருமான், கோள்களின் காரியத்துக்கு இடங்கொடுத்த வீட்டுக்காரர்போல் ஆயினார். வருவாரை யாம் பழியோம். துன்புற்றவர் எங்கே ஆறுதல் கிடைக்குமோ அங்கே செல்வர். அவர்க்குச் சேக்கிழார் யார் என்று ஒரு சொல் எடுத்துரைக்க நாம் அங்கே நிற்கின்றோமா? ஜெபக்கூட்டச் சுவரொட்டிக்கும் நம் பரிகாரப் பலகைக்கும் எழுத்திலன்றிப் பொருளில் வேற்றுமை யாது?

நம்மிடம் என்ன இருக்கிறது என்று வினவிய இளைஞர்க்கு ஒரு சொல். அவர் அன்றாடம் புகைவண்டியிற் கடக்கும் பல்லாவரத்தில், 1911-இற் கலாசாலைப் பணியை விட்ட மறைமலையடிகள் வந்து தங்கினார். மாதந்தோறும் வந்த ஊதியத்தை விட்டவர் 1950-இல் மறையும்வரை அவ்வூரிலேயே நூல் எழுதினார், சொற்பொழிவாற்றினார், ஆயிரக்கணக்கில் நூல்களைத் தொகுத்தார். அந்நூல்களே 1958-இல் சென்னையில் அவர் பெயரால் நூல்நிலையமாயின. சேர்த்த ஏக்கர் ஒன்றுமில்லை. ஜி. யு. போப் என்னும் பாதிரியாரை எடுத்துக்கொள்வோம். சாயர்புரத்திலும் தஞ்சையிலும் அவர் நடத்திய ஊழியத்தின் கணக்கேடுகளை இன்று யார் பார்க்கின்றனர்? தம் எண்பதாம் அகவையில், 1900-இல், அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட திருவாசகத்தை இன்றும் பிறநாட்டார் படிக்கின்றனர். சைவ நூலொன்றே அப்பாதிரியாரின் பெயரை நிலைநிறுத்திற்று என்பதை அவரை அனுப்பிய சங்கத்தார் எந்தப் பத்தியில் எழுதினரோ, யாம் அறியோம்.

முதியவர் எமக்குத் தமையன் முறையினர், எம்மேற் சினப்பாரல்லர். அவர்க்கு எம் வேண்டுகோள் ஒன்றே. மில்லர் தோற்றாரா என்று வினவுதலை விடுத்து, சேலையூரில் மார்கழிதோறும் திருவெம்பாவை ஓதும் நம் கூட்டத்துக்கு, அடுத்த தெருவிலுள்ள ஆதிதிராவிடப் பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்று அடுத்த மார்கழிக்குமுன் அத்தெருவிற் சென்று கேட்டுவருவாராக. யாமும் உடன்வருவோம்.

வைகாசிப் பூசத்திற் குன்றத்தூரிற் சேக்கிழார் குருபூசை நிகழும். இக்கட்டுரையிற் குற்றங் காண்போர் அதற்குமுன் இவ்விதழுக்கு எழுதினும், அன்று நேரிற் கூறினும் ஏற்போம். ஒரு பிறப்பும் மீளாத் தீர்ப்பும் பற்றிய எம் ஆசங்கைக்குக் கிறித்தவ அன்பர் விடை விடுப்பின், அதனையும் ஓரெழுத்துங் குறையாது வெளியிடுமாறு இதழாசிரியரை வேண்டிக்கொண்டுள்ளோம்.